கெர்னல் சொன்னது, நான் எழுதியது

செகந்திராபாத்தில் லோத்குண்டா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பணி அனுபவத்தை எழுதலாம் என்று அறிவிப்பு வந்ததும் நான் ஒரு கட்டுரை எழுதினேன். அதில் நான் பெரிய சாமர்த்தியசாலி. என் மனைவி அதைப் படித்துவிட்டு, “ஏங்க, இதுல அந்தப் பொண்ணு வரவே இல்லையே?” என்றாள். கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது கட்டுரை.

அந்தப் பெண் யார் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் வேலை என்ன என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் என் தப்பு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியாமல் போய்விடும். அது எனக்கு வசதிதான். அந்த வசதியைப் பல வருஷம் அனுபவித்தாயிற்று.

இதையெல்லாம் கிளப்பிவிட்டது ஒரு தொலைபேசி அழைப்பு. பேகம்பேட்டில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில், என் பழைய குழுவை இப்போது பிரவீணா என்ற பெண் நடத்துகிறார். ஈரோட்டுக்காரர். நான் ஓய்வு பெறும்போது புதிதாகச் சேர்ந்தவர். மரியாதை கொஞ்சமும் குறையாத பேச்சு.

“சார், நல்லா இருக்கீங்களா? உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் பாத்தேனுங்க. பழைய புரோகிராமைத் தூக்கிட்டுப் புதுசா எழுதறோம். அதுல ஒரு எடத்துல உங்க இனிஷியல் போட்டு, தீங்கில்லை, கண்டுக்க வேண்டாம்னு ஒரு குறிப்பு இருக்குது. எதைக் கண்டுக்க வேண்டாம்னு இங்க யாருக்கும் புரியல. எடுத்துடலாமுங்களா?”

“எடுத்துடும்மா,” என்றேன்.

“எதுக்காகப் போட்டீங்கன்னு ஒரு வரி சொன்னீங்கன்னா எழுதி வெச்சுக்குவேன்.”

“அப்புறம் சொல்றேன்,” என்று வைத்துவிட்டேன். நான் எதையும் ஒரு வரியில் சொன்னவன் இல்லை என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மார்க்கெட்டில் யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அன்றைக்கு என் வாயை மூடியது வேறு ஒன்று.

நான் பொறியியல் படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்து, டெலிபோன் கேபிள் புதைக்கும் காண்டிராக்டரிடம் சில வருஷம் பள்ளம் தோண்டி, பிறகு அந்தக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வயர் மாட்டுகிற ஆளாகச் சேர்ந்தேன். மாட்டிய வயரில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. இஞ்சினியர்கள் குப்பைக் கூடையில் போட்ட பிரிண்ட் அவுட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். புரியாததை வெட்கப்படாமல் கேட்டேன். ஆறேழு வருஷத்தில் நானே எழுதத் தொடங்கிவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான். அலுவலகத்தில் யாரும் அதைக் குத்திக்காட்டியதில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது: ஒரு தப்பு செய்தால் போதும், ‘ஐ.டி.ஐ. ஆள்தானே’ என்று சொல்லிவிடுவார்கள் என்று. அந்த வார்த்தையைக் கடைசிவரை எவரும் சொல்லவில்லை. நான்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி வேலையைப் பற்றி. உங்கள் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெரியண்ணன்கள் நிறுவனங்களில் இருக்கின்றன. அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத்காரர்களுக்கு ரயிலை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து, இந்த வண்டியை மூன்றாவது லைனில் விடலாம் என்று முடிவு செய்கிறவர் ஒருவர். தண்டவாளத்தில் பாயிண்ட்டைத் திருப்புகிறவர் இன்னொருவர். மேலே என்ன முடிவு செய்தாலும், பாயிண்ட் எப்படித் திரும்பியிருக்கிறதோ அப்படித்தான் வண்டி போகும். எந்த ஊருக்கு எந்த வழி நல்லது என்று அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு பேசி முடிவு செய்யும் மென்பொருள் முதல் ஆள். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் உண்மையில் தள்ளிவிடுகிற, பெட்டியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் இரண்டாவது ஆள். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு வழி அட்டவணை. முதல் அட்டவணையில் மாறுவதை இரண்டாவதில் மாற்றி எழுதும் பகுதியில் வரும் கோளாறுகளை, எங்கள் பேச்சில் ‘பக்’குகளை, திருத்துவதுதான் என் பிழைப்பு.

கெர்னல் எந்தக் கட்டளைக்கும் பதில் சொல்லாமல் இருக்காது. ‘ஆயிற்று’ என்று சொல்லும். இல்லையென்றால் ஏன் ஆகவில்லை என்பதற்கு ஓர் எண்ணைச் சொல்லும். அதில் ஓர் எண்ணுக்கு ‘அந்த இடத்துக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது’ என்று அர்த்தம். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

என் மேலதிகாரி சுசீலா மேடம். குண்டூர் பக்கத்துத் தெலுங்குக்காரர். எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. எல்லோர் மேஜையிலும் இரண்டு திரைகள் இருக்க, அவர் மேஜையில் ஒரு திரையும் ஓர் அடி இரும்பு ஸ்கேலும் இருக்கும். பக் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போய் நின்றால், “சூபிஞ்சண்டி” என்பார். காட்டுங்கள் என்று பொருள். திரையில் காட்டினால் பார்க்க மாட்டார். இரண்டு தாள் வேண்டும். இடது பக்கம் மென்பொருளின் அட்டவணை, வலது பக்கம் கெர்னலின் அட்டவணை. இரண்டுக்கும் குறுக்கே ஸ்கேலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்குவார். நூறு வழி இருந்தால் நூறையும் பார்ப்பார். நடுவில் டீ வந்தால் ஸ்கேலை அந்த வரியிலேயே விட்டுவிட்டுக் குடித்து முடிப்பார். நடுவில் யாராவது பேசினால் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். என்னைப் போன்ற வாயாடிக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

ஸ்கேல் அடிவரைக்கும் இறங்கிய பிறகு ஒரே ஒரு கேள்வி: “கெர்னல் ஏமந்தி?” கெர்னல் என்ன சொன்னது? நாம் என்ன நினைக்கிறோம் என்று அவர் கேட்கவே மாட்டார். அப்புறம் ஒரு படிவம். நடந்தது என்ன, காரணம் என்ன, சாட்சி எங்கே என்று மூன்று கட்டம். சாட்சிக் கட்டத்தில் அந்த இரண்டு தாள்களின் எண் வர வேண்டும். காரணக் கட்டத்தில் மட்டும் அவர் பேனா வைக்க மாட்டார். “அது உங்க வார்த்தை. நான் தொட மாட்டேன்,” என்பார். இத்தனை கண்டிப்பில் அந்த ஒரு கட்டம் மட்டும் முழுக்க நம்பிக்கையில் விடப்பட்டிருந்தது.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பக் ஒன்று உண்டு. கெர்னல் தன் பக்கத்தில் நடக்கிற மாற்றங்களை மென்பொருளுக்குச் செய்தியாக அனுப்பும். பெரிய நெட்வொர்க்கில் ஒரு லைன் விழுந்தால் ஆயிரக்கணக்கில் செய்திகள் ஒரே மூச்சில் வரும். அவற்றை வாங்கி வைக்கும் இடம் நிரம்பி, மிச்சம் தொலைந்துபோகும். தொலைந்தது எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. மற்றவர்கள் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நான், இடம் நிரம்பிவிட்டது என்று தெரிந்த உடனே கையில் இருக்கும் பாதிச் செய்திகளை நம்பாமல், கெர்னலின் முழு அட்டவணையையும் மறுபடி கேட்டு வாங்கும்படி எழுதினேன். மேடம் ஸ்கேலை இறக்கி முடித்தார். தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினார். அடுத்த மேஜைக்காரரிடம், “கெர்னல் விஷயம்னா இனிமே கணேசனைக் கேளுங்க,” என்று தெலுங்கில் சொன்னார். பாராட்டு அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குக் ‘கெர்னல் கணேசன்’ என்று பெயர். அதைச் சட்டைப் பைப் பேனா மாதிரி வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு புகார் வந்தது. ரவுட்டர் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் முழுக்க ‘ஏற்கெனவே இருக்கிறது, ஏற்கெனவே இருக்கிறது’ என்றே நிரம்பி வழிகிறது, வேறு எதையும் தேட முடியவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் எரிச்சல்பட்டார். உட்கார்ந்து பார்த்தேன். ஒரு லைன் விழுந்து எழும்போதெல்லாம் மென்பொருள் தன் வழிகளை மறுபடி ஒருமுறை கெர்னலிடம் ஒப்பிக்கிறது. கெர்னல், அதுதான் இருக்கிறதே என்கிறது. இரண்டும் ஒரே வழி. தீங்கு எதுவும் இல்லை. ஆகவே அந்தப் பதிலை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், ‘ஆயிற்று’ என்றே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். லாகில் எழுதுவதையும் நிறுத்தினேன். பக்கத்திலே, பிரவீணா கேட்டாரே, அந்தக் குறிப்பையும் போட்டேன். இரண்டு வரி மாற்றம், அரை நாள் வேலை.

இரண்டு தாளோடு மேடத்திடம் போனேன். எல்லா வரியும் பொருந்தியது. அன்றைக்கு மேடம் கூடுதலாக ஒன்று கேட்டார். “அக்கட உன்னதி, மனம் இச்சிந்தி, ரெண்டூ ஒகட்டேனா?” அங்கே இருப்பதும் நாம் கொடுத்ததும் ஒன்றேதானா?

“ஒன்னுதான் மேடம்,” என்றேன்.

நான் சோதித்த அன்றைக்கு ஒன்றுதான். என்றைக்கும் ஒன்றுதான் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அந்த இடத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்றுதான் கெர்னல் சொன்னது; நீ கொடுத்த வழிதான் இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை. செத்துப்போன பழைய வழி ஒன்று அங்கே கிடந்தாலும் அதே பதில்தான் வரும். அதைச் சோதிக்க இன்னும் அரை நாள் ஆகியிருக்கும். கெர்னல் கணேசனுக்கு அது தேவைப்படவில்லை.

இனி ஷாஹீன்.

தார்நாகா பக்கம் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். நகரம் முழுக்க அவர்களுக்குச் சேகரிப்பு நிலையங்கள். ரத்தம் வண்டியில் வரும், முடிவுகள் லைனில் திரும்பிப் போகும். அங்கே நெட்வொர்க்கைக் கவனித்துக்கொண்டவர் ஷாஹீன். காண்டிராக்ட் வேலை. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். எங்கள் பெட்டியைப் பற்றி நான் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்கு வந்திருந்தார். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகக் கீபோர்டில் தட்டுவார். அவர் பேசியது தக்கனி உருது. தமிழில் எழுதுகிறேன், எனக்குப் பிடித்த சில சொற்களை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த நிறுவனம் ஓர் இணைய லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. ஷாஹீன் எங்கள் கையேட்டில் இருந்தபடியே செய்தார். புதிய லைனின் விவரங்களைக் கொடுத்து, மென்பொருளை நிறுத்தி, மறுபடி தொடங்கினார். மென்பொருள் நிற்கும்போது தான் எழுதிய வழிகளைக் கெர்னலிலிருந்து அழித்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். அன்றைக்கு மூன்றை அழிக்காமலே நின்றுவிட்டது. எழுந்ததும் புதிய லைன் வழியாகப் புதிய வழிகளைக் கொடுத்தது. அந்த மூன்றுக்கும் கெர்னல், ஏற்கெனவே இருக்கிறது என்றது. ஆயிற்று என்று எடுத்துக்கொண்டது நான் எழுதிய வரி.

ஷாஹீனின் திரையில் எல்லாம் சரி. மூன்று நிலையங்களுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. அவற்றுக்கான முடிவுகள், மறுமுனையில் யாருமே இல்லாத பழைய லைனில் போய் விழுந்துகொண்டிருந்தன. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்த முடிவு வேண்டி நின்றவர்கள், கையில் டாக்டர் சீட்டோடு வந்தவர்கள் எல்லோரும் மத்தியானம் மூன்று மணிவரை அந்த நிலையங்களில் காத்துக் கிடந்தார்கள். ஒருவருக்கு ஆபரேஷனையே தள்ளி வைத்தார்கள். எதையெதையோ பார்த்துக் களைத்துப்போய், மூன்று மணிக்கு ஷாஹீன் பெட்டியையே அணைத்துப் போட்டார். கெர்னலின் அட்டவணை அழிந்து புதிதாக எழுதப்பட்டது. சரியாகிவிட்டது.

மறுநாள் காலை என்னை அனுப்பினார்கள்.

“வாங்க கெர்னல் சார். உங்க பொட்டி நேத்து என்னை அழ வெச்சிடுச்சு,” என்றார் ஷாஹீன்.

“அப்படி என்னம்மா தட்டினீங்க?” என்றேன், விளையாட்டாகத்தான்.

“என்னை ஹவ்லான்னு நெனச்சீங்களா? கையேட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் செஞ்சேன். ஒரு வழியைக்கூட கையால போடல.” ஹவ்லா என்றால் முட்டாள்.

வாசலில் அந்த நிறுவனத்தின் மேலாளர் வந்து நின்றார். “மேடத்தோட விரல் ரொம்ப ஸ்பீடு சார். எதையாவது அடிச்சிருக்கும்.”

“விரல் ஸ்பீடா இருந்தாத்தான் வேலை நடக்குதுன்னு போன வாரம் நீங்கதானே சார் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க?” என்றார் ஷாஹீன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மேலாளர் சிரிக்காமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு ஷாஹீன் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “பொட்டியை அணைக்கறதுக்கு முன்னாடி கெர்னல் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துட்டேன். அணைச்சா அழிஞ்சிடும்ல? ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு ட்ரெயினிங்ல நீங்கதானே சொன்னீங்க. மூணு வரி இடிக்குது. சிவப்புல கோடு போட்டிருக்கேன்.”

வாங்கிப் பார்த்தேன். கெர்னல் அட்டவணையில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த வழியை எழுதியது யார் என்று ஒரு குறி இருக்கும். ஆள் கையால் போட்டதற்கு ஒரு குறி, எங்கள் மென்பொருள் போட்டதற்கு வேறு குறி. சிவப்புக் கோடு போட்ட மூன்று வரியிலும் எங்கள் குறி. எந்த வரி, எந்த அரை நாள், மேடத்தின் எந்தக் கேள்வி என்று எல்லாம் அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

“கடைசில ஏதோ ஒரு குறி இருக்கே, அது என்ன சார்?”

“அது ஒன்னுமில்லம்மா.” பிறகு கேட்டேன், “இதுக்குக் காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?”

இந்தக் கேள்வியை நான் எதற்குக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

“நக்கோ சார், வேண்டாம்னு விட்டுட்டேன். எனக்கெதுக்கு? உங்களுக்காகத்தானே எடுத்தேன்.”

மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறினேன். பேகம்பேட்டில் இறங்கியதும் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் அதை நாலாகக் கிழித்துப் போட்டேன். யாரும் துரத்தவில்லை, யாரும் மிரட்டவில்லை. மேடத்திடம் போய், என் தப்பு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஸ்கேலை மேலும் கீழும் ஒருதரம் நகர்த்திவிட்டு, சரி, திருத்துங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். வேலை போயிருக்காது. பெயர் கொஞ்சம் போயிருக்கும். அந்தக் கொஞ்சத்தை விட என்னால் முடியவில்லை.

“கெர்னல் ஏமந்தி?” என்றார் மேடம்.

“பொட்டியை அணைச்சுட்டாங்க மேடம். கெர்னல்ல இருந்தது போயிடுச்சு.”

“பிரிண்ட்?”

“எடுக்கல.”

ஸ்கேலை எடுத்தவர், அதை வைக்கத் தாள் இல்லாததால் திரும்ப மேஜையோரம் வைத்தார். பிறகு, என்னிடம் அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டார். “நீங்க என்ன நினைக்கறீங்க?”

“யாராவது கையால மூணு வழி போட்டிருக்கலாம்னு நினைக்கறேன்.”

“மீரு செப்தே சரே,” என்றார். நீங்கள் சொன்னால் சரி.

காரணக் கட்டத்தில், ‘கையால் இடப்பட்ட வழிகள் காரணமாக இருக்கக்கூடும்’ என்று எழுதினேன். ‘இருக்கக்கூடும்’ என்று போட்டதில் எனக்கு ஓர் அற்ப நிம்மதி, முழுப் பொய் இல்லை என்பது போல. எங்கள் அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளருக்குக் கடிதம் போனபோது அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. ‘இயக்குபவரின் கைப்பிழை’ என்றாகிவிட்டது. கடிதத்தின் நகல் எனக்கும் வந்தது. படித்துவிட்டுக் கோப்பில் போட்டேன்.

பக்கை மட்டும் பத்தே நாளில் திருத்தினேன். கெர்னலிடம் வழியைச் சேர் என்று சொல்லாமல், இருப்பதை எடுத்துவிட்டு இதை வை என்று சொல்லும்படி மாற்றினேன். மென்பொருள் எழும்போது முதல் வேலையாகக் கெர்னலின் அட்டவணையைப் படித்து, தன் குறி போட்ட பழைய வழிகளைத் துடைக்கும்படியும் செய்தேன். நல்ல திருத்தம்தான், இன்றைக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். ‘சிறு ஒழுங்குபடுத்தல்’ என்ற தலைப்பில் அதைச் சேர்த்துவிட்டேன். பழைய இரண்டு வரியை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் எதற்காக எடுத்தோம் என்று எழுத வேண்டும். அது உபயோகமில்லாமல் அங்கேயே கிடந்து, இப்போது பிரவீணாவின் கண்ணில் பட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்தத் திருத்தத்தைப் போட்டுவிட்டு வரத் தார்நாகா போனேன். ஷாஹீனின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

“அந்தம்மாவை அனுப்பிட்டோம் சார்,” என்றார் மேலாளர். “உங்க லெட்டர் வந்தது நல்லதாப் போச்சு. நான் அன்னிக்கே சொன்னேன்ல, விரல் ஸ்பீடுன்னு?”

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் என் கழுத்தில் உணர்கிறேன்.

பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. சம்பளம் உயர்ந்தது, முடி கொட்டியது. சுசீலா மேடம் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் எழுந்து நின்று, “இவங்க எல்லாரோட தாளையும் நான் ஸ்கேல் வெச்சுப் பாத்திருக்கேன். கணேசன் எழுதின காரணத்தை மட்டும் ஒருநாளும் ரெண்டாவது தடவை கேட்டதில்லை,” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சும்மா இருந்தால் வித்தியாசமாகத் தெரியுமே என்று நானும் தட்டினேன்.

பிரவீணாவின் அழைப்பு வந்த அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “ஊரு உலகத்துக் கதையெல்லாம் கேக்காமலே சொல்லுவீங்க. இதை மட்டும் எப்படிங்க உள்ளயே வெச்சிருந்தீங்க?” என்றாள்.

மறுநாள் பிரவீணாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வழி, குறி, கெர்னலின் பதில் என்று தொழில் விஷயங்களை நீட்டி முழக்கினேன். அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும் என்று எண்ணம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேலை போன அந்த மேடம் பேரு என்னங்க சார்?” என்றார்.

பிரவீணாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மூடிய பக்கின் படிவத்தைத் திருத்த முடியாது. அடியில் குறிப்புச் சேர்க்கலாம். ஷாஹீனின் பெயரைச் சொல்லி, அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, காரணம் எங்கள் மென்பொருள், அதை எழுதியவருக்கு அன்றே தெரியும் என்று சேர்த்தார். அதில் ‘இருக்கக்கூடும்’ இல்லை. மேலே பேசி, அந்த ரத்தப் பரிசோதனை நிறுவனத்துக்கும் கம்பெனிக் கடிதம் ஒன்று போக வைத்தார். கவனத்தில் கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது.

மிச்சம் என் வேலை. ஷாஹீனின் எண் பழைய டைரியில் இருந்தது. மாறியிருக்கும் என்ற நம்பிக்கையில் அழைத்தேன். மாறவில்லை. மௌலாலியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை.

“போய்க் கதை சொல்லாதீங்க,” என்று மனைவி சொல்லி அனுப்பினாள்.

நான் போய்க் கதைதான் சொன்னேன். ஐ.டி.ஐ.யில் ஆரம்பித்தேன், கேபிள் பள்ளத்துக்கு வந்தேன். ஷாஹீன் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நரை வந்திருந்தது. பேச்சு பழைய வேகத்தில் இல்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்க்கைப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. அதன் பிறகு நெட்வொர்க் வேலைக்கு யாரும் எடுக்கவில்லையாம். எங்கே போனாலும் பழைய இடத்தில் விசாரித்திருக்கிறார்கள்.

“சார், இது எங்கே போகுது?” என்றார்.

சொன்னேன். மூன்று வரி, எங்கள் குறி, குப்பைத் தொட்டி. டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

“அப்போ நான் தட்டலையா?”

“இல்லைம்மா.”

“நான் தட்டலைன்னு எனக்கு அன்னிக்குத் தெரியும். ஒரு வருஷம்வரைக்கும் தெரிஞ்சுது. எல்லாரும் சொல்லிச் சொல்லி, அப்புறம் நான்தான் தட்டிட்டேனோன்னு ஆயிடுச்சு. தாள்ல நான் கோடு போட்டது கனவான்னுகூட நெனச்சிருக்கேன். இப்போ ஒரு பிள்ளையோட பேரை ஏத்தறதுக்கு மூணு தடவை சரி பாக்கறேன். ஸ்கூல்ல எனக்கு ஸ்லோ மேடம்னு பேரு.”

கை கூப்பினேன். மன்னிப்பு என்று வாயைத் திறந்தேன்.

“அது அப்புறம்,” என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்தார். முதலில் துபாயில் இருக்கும் கணவருக்கு. உருதுவில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு என் முன்னால் வைத்தார். “சொல்லுங்க.”

“வணக்கம் பாய். நான் பேகம்பேட்ல ஒரு கம்பெனியில...” என்று ஆரம்பித்தேன்.

ஷாஹீன் கையை உயர்த்தினார். “பூரா கஹானி நக்கோ சார். யார் தப்பு, அதை மட்டும் சொல்லுங்க.” முழுக் கதை வேண்டாம்.

சொன்னேன். அடுத்து அவருடைய அக்காவுக்கு. சொன்னேன். அடுத்து அந்தப் பழைய மேலாளருக்கு. அவருடைய எண்ணை ஷாஹீன் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். மேலாளருக்கு என் குரல் ஞாபகம் இருந்தது. “கெர்னல் சாரா! எப்படி இருக்கீங்க?” என்று உற்சாகமாகக் கேட்டார்.

“அந்த மூணு வழியும் எங்க மென்பொருள் எழுதினது சார். ஷாஹீன் கையே வைக்கல. தப்பு என்னோடது. அது எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“இப்போ எதுக்கு சார் அதெல்லாம்? எவ்வளவு வருஷம் ஆயிடுச்சு.”

ஷாஹீன் குனிந்து, கைபேசிக்கு அருகே வாயை வைத்து, “சுனே?” என்றார். கேட்டீர்களா?

“கேட்டேன்மா.”

ஷாஹீன் வைத்துவிட்டு, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, அடுத்த எண்ணைத் தேட ஆரம்பித்தார்.